பொழுது விடிகிறதே, அது போதாதா

ஸ்பெயினுக்கு வேலைக்குப் போன புதிதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. காலைக் கூட்டத்துக்கு மேலாளர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பும். நாங்களெல்லாம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், நீங்கள்தான் இருந்தே தீரவேண்டியவர் என்கிற பொருளில், தத்துவ வகுப்பில் கேட்கிற மாதிரி ஒரு வாக்கியம். அறையே குலுங்கிச் சிரிக்கும். மேலாளரும் சேர்ந்து சிரிப்பார். இன்னொரு நாள் ஒருவர் எழுதிய அறிக்கையை மற்றவர் நகலெடுத்துவிட்டார் என்று பேச்சு வந்தது. எங்கிருந்தோ ஃபாக்னரின் பெயர் வந்து விழுந்தது. மறுபடியும் சிரிப்பு. அமெரிக்க நாவலாசிரியருக்கும் காஸ்தெயோன் பக்கத்து ஓடு தொழிற்சாலைக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? மொழி வகுப்புப் புத்தகத்தில் தேடினேன். அகராதியில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாவது மாதம் பக்கத்து மேசைக்காரர் ஒரு டிவிடியை என் விசைப்பலகை மேல் வைத்தார். அவர் அல்பசேத்தே மாகாணத்துக்காரர். "வகுப்புக்குப் போகிற நேரத்தில் இதைப் பார்" என்றார். வெள்ளிக்கிழமை இரவு போட்டேன். அலுவலகத்தில் சிரிப்பை எழுப்பியவை எல்லாம் அதில் இருந்தன. சனிக்கிழமை காலை மறுபடி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தொலைபேசியில் கதையைச் சொல்ல ஆரம்பித்து, சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு தாங்காமல் நிறுத்தி நிறுத்திப் பேசி, ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. அன்று முதல் இன்றுவரை பதினோரு முறை பார்த்திருக்கிறேன். சந்தேகமே வேண்டாம், நான் பார்த்த நகைச்சுவைப் படங்களில் இதற்கு மேலே ஒன்றும் இல்லை.

'அமனேசே, கே நோ எஸ் போகோ'. 1989இல் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் ஹோசே லூயிஸ் குவெர்தா. பொழுது விடிகிறது, அதுவே சின்ன விஷயம் இல்லை என்று பொருள். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், 'பொழுது விடிகிறதே, அது போதாதா?'

கதை இப்படித் தொடங்குகிறது. தெயோதோரோ ஓர் எஞ்சினியர். அமெரிக்காவில், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர். ஒரு வருட விடுப்பில் ஊருக்கு வருகிறார். வந்து பார்த்தால் அப்பா ஜிம்மி, அம்மாவைக் கொன்றிருக்கிறார். ஏன் என்று கேட்டால், அவள் ரொம்பப் பொல்லாதவளாக இருந்தாள் என்கிறார். மகனுக்கு வருத்தம். அந்த வருத்தத்துக்கு ஈடாக அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறார், பக்கத்தில் தொட்டில் மாதிரி சைடுகார் வைத்தது. வா, ஊர் சுற்றலாம் என்கிறார். இருவரும் கிளம்புகிறார்கள். மலை வளைவுகளில் ஏறி இறங்கி ஓர் ஊருக்குள் நுழைகிறார்கள். தெருவில் ஒரு குஞ்சுகூட இல்லை. ங்கே ந்தோமோ என்ற ஒரே ஒரு கறுப்பு இளைஞன் மட்டும் வெளியே இருக்கிறான். மற்ற அத்தனை பேரும் கோயிலில், பூசையில். இவன் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவன், உபதேசம் படித்துக்கொண்டிருக்கிறவன். அதனால்தான் வெளியே.

இதற்குமேல் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அப்பாவும் மகனும் அந்த ஊரில் தங்குகிறார்கள். நாமும் தங்குகிறோம். நடப்பதையெல்லாம் பார்க்கிறோம். அவ்வளவுதான். ஆனால் அங்கே நடக்கிறவை இருக்கின்றனவே!

பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் நேரத்தில் கோயிலே ஆரவாரத்தில் அதிர்கிறது. எப்படித் தூக்குகிறார் பார் என்று ஊர்மக்கள் சிலாகிக்கிறார்கள், கச்சேரி முடிந்து வருகிறவர்கள் பாடகரின் நிரவலைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அந்தப் பாதிரியாராக வரும் காசென் முகத்தில் ஒரு கலைஞனின் அடக்கமும் கர்வமும் ஒன்றாக நிற்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உடற்கூறு பாடத்தை அமெரிக்கக் கறுப்பர் தேவாலயப் பாட்டு மெட்டில் நடத்துகிறார். பிள்ளைகள் கைதட்டி, தோளை ஆட்டி, இதயத்தைப் பற்றிப் பாடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஊரில் தேர்தல். ஊர்த்தலைவருக்கு மட்டுமில்லை, பாதிரியாருக்கு, வாத்தியாருக்கு, ஊர் வேசிக்கு, சோரம்போகிற மனைவிக்கு என்று எல்லாப் பதவிக்கும் ஓட்டு. குடித்தவனுக்குப் பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும் என்பார்களே, இங்கே குடிகாரன் கார்மெலோ தானே இரண்டாகிவிடுகிறான். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு கூட்டம், சில நாள் சைக்கிள் ஓட்டுவோம், சில நாள் வாசனையாக இருப்போம் என்று தங்கள் தினப்படியை விளக்குகிறது.

சொல்லும்போது வெறும் கிறுக்குத்தனமாகத் தெரியும். படத்தில் அப்படி இல்லை. ஏனென்றால், அந்த ஊரில் யாருமே ஆச்சரியப்படுவதில்லை. என்னைக் கட்டிப்போட்டது இதுதான். ஒருவர்கூடச் சிரிப்பதில்லை, ஒருவர்கூடக் கண்ணடிப்பதில்லை. மனிதன் இரண்டாகிறான் என்றால், சரி, இரண்டாகிவிட்டான், இப்போது இரண்டு பேருக்கும் இடம் பார்க்கவேண்டும். அவ்வளவு நிதானம். எவ்வளவு பெரிய அதிசயமும் அந்த ஊரில் கிராமநிர்வாகப் பிரச்சினைதான். அதுவும் எத்தனை பண்பாகப் பேசித் தீர்க்கிறார்கள்!

வைத்தியர் வருகிற காட்சி ஒன்று. கட்டிலில் ஒரு முதியவர் கடைசி மூச்சில் இருக்கிறார். சுற்றிலும் வீட்டார். வைத்தியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் முகத்தில் மெல்ல ஒரு பரவசம் ஏறுகிறது. பிறகு வீட்டாரிடம் திரும்பி, இத்தனை வருடத் தொழிலில் உங்கள் அப்பாவைப்போல இவ்வளவு அழகாகச் சாகிறவரை நான் பார்த்ததே இல்லை என்கிறார். என்ன ஒரு போக்கு, என்ன ஒரு அடங்கல் என்று உருகுகிறார். பாட்டுக்காரனைக் கேட்ட ரசிகனின் குரல் அது. முதல்முறை நான் சிரித்துச் சிரித்து இருமிவிட்டேன். ஐந்தாவது முறை பார்க்கும்போது சிரிப்பு வந்த இடத்திலேயே கண்ணும் நிறைந்தது. சாவு வீட்டில் நாம் சொல்லமாட்டோமா, "மகராசன், நோகாமல் போய்ச்சேர்ந்தார்" என்று? அதே ஆறுதலைத்தான் அந்த வைத்தியர் சொல்கிறார். ஒரு படி கூட்டிச் சொல்கிறார், அவ்வளவே. குவெர்தாவின் நகைச்சுவை முழுக்க அந்த ஒரு படிதான். வானத்திலிருந்து எதையும் பிடித்துக்கொண்டு வருவதில்லை. கிராமத்தில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து, ஒரே ஒரு படி மேலே ஏற்றிவைக்கிறார்.

இப்போது அந்த ஃபாக்னர் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் போலீஸ் என்றால் குவார்தியா சிவில். அதன் பொறுப்பாளர் குத்தியெரெஸ், பதவியில் நம் ஊர் ஏட்டையா மாதிரி. ஊரில் தங்கியிருக்கும் ஓர் அர்ஜென்டினா எழுத்தாளர் நாவல் எழுதுகிறார். எழுதிய தாள்களை ஏட்டையா வாசித்துப் பார்க்கிறார். ஃபாக்னரின் 'லைட் இன் ஆகஸ்ட்' நாவலை அப்படியே எழுதி வைத்திருக்கிறான் மனுஷன்! ஏட்டையாவுக்கு வருகிற கோபம் இருக்கிறதே. திருட்டு என்பதால்கூட இல்லை. இந்த ஊரில் ஃபாக்னர் மேல் எங்களுக்கு இருப்பது வெறும் பிடித்தம் இல்லை, பக்தி, அது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்கிறார். தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், மனம் புண்பட்டவராகக் கேட்கிறார். சசா என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஹோசே சசாத்தோர்னில்தான் அந்த வேடத்தில். அந்த மீசையும் நிமிர்ந்த முதுகும் அதிகாரக் குரலும் இலக்கியத்துக்காகத் துடிக்கும்போது நான் எழுந்து நின்று கைதட்டினேன், தனி அறையில், நள்ளிரவில்.

இந்தக் காட்சி ஸ்பானியர்களை ஏன் இன்னும் ஆழமாகத் தொடுகிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. குவார்தியா சிவில் 1844இல் உருவான படை. மூன்று மூலைத் தோல் தொப்பி அதன் அடையாளம். ஃபிராங்கோவின் சர்வாதிகாரக் காலம் முழுக்க அந்தத் தொப்பி தெருமுனையில் தெரிந்தாலே கிராமத்து ஏழைக்கு வயிறு கலங்கும். ஃபிராங்கோ 1975இல் இறந்தார். ஆனால் 1981 பிப்ரவரி 23 அன்று அதே படையைச் சேர்ந்த தெஹேரோ என்ற அதிகாரி, ஆயுதம் தாங்கிய ஆட்களோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உறுப்பினர்களைச் சிறைபிடித்தார். நாடே பிறகு தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. அதற்கு எட்டு வருடம் கழித்து வந்த படத்தில் அதே தொப்பிக்காரர், கதைத்திருட்டைப் பொறுக்கமுடியாத வாசகராக வருகிறார். பயந்து பயந்து வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இதைவிட இனிமையான விடுதலை இருக்குமா? பாதிரியார், ஊர்த்தலைவர், போலீஸ் என்று கிராமத்தை நசுக்கிய மூன்று அதிகாரங்களையும் குவெர்தா எடுத்துக்கொள்கிறார். யாரையும் வில்லனாக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு அழகான பைத்தியத்தைக் கொடுத்துவிடுகிறார். 1947இல் அல்பசேத்தேயில் பிறந்து, அந்த ஆட்சிக்குள்ளேயே வளர்ந்த மனிதர் அவர்.

தமிழில் யோசிக்கிறவனுக்கு இந்தப் படத்தில் ஒரு தனி லாபம் உண்டு. ஸ்பானிஷில் 'நீ'க்கு 'தூ', 'நீங்கள்' என்பதற்கு 'உஸ்தேத்'. அந்த ஊரில் ஓயாமல் 'உஸ்தேத்' புழங்குகிறது. எத்தனை தலைகீழான விஷயத்தைப் பேசினாலும் 'நீங்கள்' பெரும்பாலும் தவறாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு போலந்து நண்பருக்காக ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். 'யூ' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் தட்டையாகிப்போனது. அக்காவிடம் தமிழில் சொன்னபோது அப்படியே உயிரோடு போய்ச் சேர்ந்தது. அப்பாவும் மகனும் ஒரே கட்டிலில் படுக்கவேண்டி வருகிற காட்சியைத்தான் சொல்கிறேன். மனைவியைக் கொன்ற அந்த அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கவலையோடு மகனைப் பார்க்கிறார். மரியாதையாக நடந்துகொள், நான் உன் அப்பா என்கிறார். "என்னப்பா பேசுறீங்க" என்று மகன் பதறுகிறார். கட்டிலில் ஆண் என்றால் ஆண்தானே என்று அப்பா தன் பக்க நியாயத்தைச் சொல்கிறார். அந்த 'பேசுறீங்க'வில் இருக்கிற 'ங்க'தான் காட்சியின் அச்சாணி. கொலைக்குப் பிறகும், இந்தச் சந்தேகத்துக்குப் பிறகும் மகனுக்கு மரியாதை ஒரு இழைகூடக் குறையவில்லை.

மகனாக அந்தோனியோ ரெசினெஸ். எதற்கும் அசராத அந்த முகம் இல்லாவிட்டால் படம் பாதியாகியிருக்கும். ஆனால் என் மனம் முழுக்க அப்பாவாக வரும் லூயிஸ் சீஹெஸிடம். ஒல்லி உடம்பு, முட்டி நிற்கிற கண், எப்போதும் கொஞ்சம் பயந்தாற்போல ஒரு அவசரக் குரல். அவருடைய நிஜத் தந்தை மனுவேல் சீஹெஸ் அபரீசியோ எழுத்தாளர், பத்திரிகையாளர். 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது ஆவிலா மாகாண ஆளுநராக இருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது லூயிஸுக்குப் பதினைந்து வயது. இதைத் தெரிந்துகொண்டபின் அந்தக் கட்டில் காட்சியைப் பார்த்தேன். அவர் தன்னை அப்பா என்று சொல்லிக்கொள்ளும் வார்த்தை வேறு எடையில் விழுந்தது.

இனி மண்ணிலிருந்து மனிதர்கள் முளைப்பது. மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிப்படியான வயல்கள் அந்த ஊரில். அதில் ஒன்றில் விதைத்ததை விட்டுவிட்டு ஒரு மனிதன் முளைத்து நிற்கிறான். தலை தெரிகிறது, தோள் தெரிகிறது, மீதி இன்னும் மண்ணுக்குள். வயல்காரருக்கு எரிச்சல். பூச்சி விழுந்ததற்கும் பன்றி புகுந்ததற்கும் படுகிற அதே எரிச்சல். பக்கத்து வயல்காரருக்கு இப்படி வருவதில்லையே என்கிற பொருமல். முளைத்தவன் பாட்டுக்கு முளைத்து நின்று அமைதியாகப் பேசுகிறான். இதில் ஒரு ஒளிப்பட வித்தை உண்டா? கிடையாது. ஒரு குழி, ஒரு நடிகர், சுற்றிலும் மண். எங்கேயும் மின்னல் வெட்டவில்லை, புகை வரவில்லை, இசை எகிறவில்லை. மதிய வெயிலில், சாதாரணமாக, விவசாயம் நடக்கிறது. கனவுக்காட்சி என்றால் ஆடை பறக்கவேண்டும், பனிமூட்டம் வேண்டும் என்று பழகிப்போன கண்ணுக்கு இது எவ்வளவு பெரிய குளிர்ச்சி!

பூசணிக்காய் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டும். ஒரு குடியானவர், வயதானவர், தன் தோட்டத்தில் விளைந்த பெரிய பூசணிக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறார். அதனிடம் பேசுகிறார். உன்னை நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன் என்கிறார். பெண்ணிடம் சொல்கிற மாதிரியும் இல்லை, குழந்தையிடம் சொல்கிற மாதிரியும் இல்லை. கையால் அதைத் தொடுகிற பக்குவத்தில், வாழ்நாள் முழுக்க மண்ணைக் கிளறிய ஒருவனின் நன்றி தெரிகிறது. இதைக் கேலி செய்வது ரொம்ப சுலபம். கேமராவை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனால் போதும், அந்த மனிதர் கோமாளியாகிவிடுவார். குவெர்தா அதைச் செய்யவில்லை. தள்ளி நின்று, அவர் பேசி முடிக்கும்வரை இடம் கொடுக்கிறார். எனக்கு என் சித்தப்பா நினைவு வந்தது. அறுப்புக்கு முந்தின சாயங்காலம் வரப்பில் நின்று நெல்லைத் தடவிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் அவர் வாய் அசைவதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என்ன பேசினார் என்று கேட்டதில்லை.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் புகழமாட்டேன். ஊர்த்தலைவர் ஓர் இளம்பெண்ணை அழைத்து வருவதும், அவள் ஊருக்கே பொதுவாக இருக்கட்டும் என்று மக்கள் கேட்பதும் வருகிற பகுதி இன்று நெருடுகிறது. ஆண்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்த கிறுக்கைக் கொடுத்த குவெர்தா, பெண்களில் பலருக்கு உடம்பை மட்டும்தான் கொடுத்தார். மரியா இஸ்பெர்ட், சூஸ் லம்ப்ரெயாவே மாதிரி அபாரமான நடிகைகள் இருந்தும் அவர்களுக்குக் கிடைத்த நேரம் குறைவு. இயக்குநர் அல்மொதோவாரின் படங்களில் லம்ப்ரெயாவேயைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தக் குறை குறைதான்.

குவெர்தா இந்த உலகத்துக்கு ஒரே நாளில் வந்து சேரவில்லை. 1983இல் தொலைக்காட்சிக்காக 'தொத்தால்' என்று ஒரு சின்னப் படம் எடுத்தார். வருடம் 2598, இடம் லண்டன், உலகம் முடிந்து மூன்று நாள் ஆகிறது என்று ஓர் இடையர் கதை சொல்கிறார். லண்டன் என்று காட்டப்படுவதோ ஸ்பெயினின் ஒரு கல்வீட்டுக் கிராமம்! 1987இல் 'எல் போஸ்கே அனிமாதோ', மாயம் உலவும் ஒரு காட்டின் கதை. அதற்கு ஸ்பெயினின் கோயா திரைப்பட விருது கிடைத்தது. அதன் பிறகு இது. உலகம் அவரை அதிகம் அறிந்தது 1999இல் வந்த 'லா லெங்குவா தெ லாஸ் மரிபோசாஸ்' வழியாக. ஒரு சிறுவனும் வயதான ஆசிரியரும், போர் மூளும் முன்பான சில மாதங்களும். அழாமல் பார்க்கமுடியாத படம். அலெஹாந்த்ரோ அமெனாபார் என்ற இளைஞனின் முதல் படத்தைத் தயாரித்து அவரை உலகத்துக்குக் கொடுத்தவரும் குவெர்தாதான். கடைசியாக 2018இல், 9177ஆம் வருடத்தில் நடப்பதாக 'தியெம்போ தெஸ்புவெஸ்' எடுத்தார். 2020 பிப்ரவரியில் மறைந்தார். ஸ்பானியர்கள் இவர் பாணிக்கு ஒரு சொல் கட்டியிருக்கிறார்கள், சர்ரியலிசத்தையும் கிராமத்தையும் ஒட்டவைத்து, 'சுர்ருரலிஸ்மோ' என்று. இந்தப் படத்தின் பக்தர்களுக்கும் பெயர் உண்டு, 'அமனெசிஸ்தாஸ்'. வடிவேலு வசனம் இல்லாமல் நம்மால் ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து வரமுடியுமா? அவர்களுக்கு இந்தப் படம் அப்படி. வசனம் முழுக்க மனப்பாடம்.

இத்தனை பைத்தியம் பிடித்தபின் ஊரைப் பார்க்காமல் இருக்கமுடியுமா? படத்தின் ஊர் உண்மையில் மூன்று ஊர்கள். ஆய்னா, லியேதோர், மோலினிகோஸ். மூன்றும் அல்பசேத்தே மாகாணத்தின் தென்பக்கம், சியெர்ரா தெல் செகூரா மலைகளில் இருக்கின்றன. ஒரு நீண்ட வாரயிறுதியில் பக்கத்து மேசைக்காரர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அல்பசேத்தேயைச் சுற்றிக் கைவிரித்த மாதிரி சமவெளி. கோதுமைத் தாள், காற்றாலை, மறுபடி கோதுமைத் தாள். மலைகள் இருக்கும் என்பதற்கு ஒரு அறிகுறியும் இல்லை. திடீரென்று சாலை கீழே விழுகிறது. பூமி பிளந்து, அடியில் ஆறு. ஆற்றின் பெயர் முந்தோ, அப்படியென்றால் உலகம். பாறைச்சுவரில் ஒட்டவைத்த தேன்கூடு மாதிரி ஆய்னா.

ஊருக்குள் இறங்கும் முன்னால் ஒரு மலைவளைவில் பார்வைமேடை உண்டு. மிராதோர் தெல் தியாப்லோ, சாத்தானின் பார்வைமேடை. அங்கே படத்தில் வந்ததைப் போன்றே ஒரு மோட்டார் சைக்கிளும் சைடுகாரும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் இருந்தது. தாத்தா சைடுகாரில், பேரன் ஓட்டுகிற இடத்தில். தாத்தா ஜிம்மியின் வசனத்தைச் சொல்ல, ஏழெட்டு வயதுப் பேரன் தெயோதோரோவின் பதிலைச் சொன்னான். ஒரு எழுத்து பிசகவில்லை. என் முறை வந்ததும் சைடுகாருக்குள் காலை மடக்கி உட்கார்ந்தேன். வெயிலில் காய்ந்த உலோகம் தொடையைச் சுட்டது. எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. கீழே அந்தக் கல்லடுக்கு வயல்கள். நான் ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தேன், எங்கேயாவது ஒரு தலை தெரிகிறதா என்று. சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் எனக்கு வியப்பாக இருந்திருக்காது.

இரவு அங்கேயே தங்கினோம். சாப்பாட்டுக் கடையில் உருளைக்கிழங்கும் உப்புக்கருவாடும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து உரலில் மசித்த ஒரு பதார்த்தம் கொடுத்தார்கள். மேலே அவித்த முட்டை, வால்நட். மலைக்குளிருக்கு வயிற்றில் கணப்பு மூட்டியது போல இருந்தது. பரிமாறிய அம்மாளிடம் நான் எந்த ஊர், எதற்கு வந்தேன் என்று நண்பர் சொன்னார். படம் எடுத்தபோது தான் சின்னப்பெண் என்றும், கூட்டத்தில் நிற்க ஊரே போனது என்றும் அந்த அம்மாள் சொன்னார். கோயில் காட்சியா, தேர்தல் காட்சியா என்று கேட்டேன். கடைசிக் காட்சி என்றார்.

கடைசிக் காட்சி இது. ஊர் மொத்தமும் விடியலைப் பார்க்கக் காட்டுவெளியில் கூடி நிற்கிறது. தலைவர், பாதிரியார், விருந்தாளிகள், எல்லாரும். ஒரே திசையைப் பார்த்து, மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். வெளிச்சம் வருகிறது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் வரவில்லை. சூரியன் எதிர்ப்பக்கத்தில் எழுகிறது. மனிதன் மண்ணில் முளைத்தபோதும், குடிகாரன் இரண்டாகியபோதும், தேர்தலில் என்னென்னவோ நடந்தபோதும் நிதானம் இழக்காத ஏட்டையா குத்தியெரெஸ் இங்கேதான் உடைகிறார். கெட்ட வார்த்தையில் அந்தப் பெரிய மர்மத்தைத் திட்டிக்கொண்டே கைத்துப்பாக்கியை எடுத்துச் சூரியனைச் சுடுகிறார். மறுபடியும் மறுபடியும் சுடுகிறார். ஊர் ஒழுங்கைக் காக்கவேண்டியவர் அவர். எல்லாவற்றுக்கும் ஒரு விதி கண்டுபிடித்தவர். சூரியனே விதியை மீறினால் அவர் என்ன செய்வார்? பதினோரு முறை பார்த்தும் அந்த முதல் தோட்டாச் சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதற்குமுன் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த ஒரு கணத்துக்காகச் சேர்த்துவைத்தது போலிருக்கும்.

அடுத்த நாள் இருட்டோடு எழுந்து மறுபடி பார்வைமேடைக்குப் போனோம். எங்களைப் போலவே இன்னும் சிலர் வந்திருந்தார்கள். இரண்டு ஜோடிகள், நாயோடு ஒரு பெண், முந்தின நாள் பார்த்த அந்தத் தாத்தாவும் தூக்கக் கலக்கத்தில் பேரனும். யாரும் யாருக்கும் அறிமுகமில்லை. ஃபிளாஸ்கிலிருந்து காப்பி கைமாறியது. பள்ளத்தாக்கில் வெளிச்சம் சீக்கிரம் வருவதில்லை. வானம் வெளுத்து ரொம்ப நேரம் ஆகியும் ஊர் இருட்டிலேயே கிடந்தது. அடியில் ஆற்றின் சத்தம் மட்டும். ஒரு சேவல் கூவியது. பிறகு மலைவிளிம்பு மஞ்சளாகி, கண்ணைக் கூசவைத்துக்கொண்டு சூரியன் ஏறியது.

தாத்தா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒருமுறை தலையசைத்தார். "இன்றைக்குச் சரியான பக்கம்தான் வந்திருக்கிறது" என்றார் பேரனிடம். நாயோடு வந்த பெண் முதலில் கைதட்டினார். பிறகு நாங்கள் எல்லாரும் தட்டினோம்.